தாய்மாமன் பெயரில்லாத காதுகுத்துப் பத்திரிகை

விதிமுறை எழுதுகிறவனை வீட்டில் வைத்துக்கொள்வது சிரமம். அந்த ஆளாகவே இருந்து தொலைப்பது அதைவிடச் சிரமம். இதை அலுப்போடுதான் சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் தண்ணீர் தெளிப்பதற்குள் யாராவது இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டியும் சொல்கிறார்கள். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் கேட்டபோது கதையில் போலீஸ் வந்துவிட்டது. அதனால் உள்ளது உள்ளபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, வேலை தானாக வரும் என்று பெரம்பலூரில் காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் ஜாகிர் பாயின் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டேன். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டிருந்தார். காலேஜ் ரிசல்ட் வருகிற நாளில் தவிரக் கூட்டம் இருக்காது. மற்ற நாட்களில் நான் இணையத்தில் ஒரு விளையாட்டு விளையாடுவேன். கோட்டை கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், பக்கத்துக் கோட்டைக்காரனைக் கவிழ்க்க வேண்டும். (நிஜக் கோட்டை பக்கத்திலேயே ரஞ்சன்குடியில் இருக்கிறது. அதை ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை.)

அந்த விளையாட்டுக்கு ஒரு விக்கி இருந்தது. விளையாடுகிறவர்களே வாள், வேல், யானை, அகழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுவார்கள். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். நானும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வாளைப் பற்றி எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இது மிக அருமையான வாள். நான் இதை வைத்துப் பல பேரை வீழ்த்தியிருக்கிறேன். நீங்களும் வாங்கிப் பாருங்கள்.”

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. “இது ஒரு வாள்.”

திருத்தியவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆந்தைப் படம் வைத்திருந்தார். விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டு வரவும் என்று எனக்கு ஒரு குறிப்பும் போட்டிருந்தார். போய்ப் படித்தேன். எதையும் புகழக் கூடாது. படிக்கிறவரை ‘நீங்கள்’ என்று கூப்பிடக் கூடாது. ஆதாரம் காட்டாமல் எதையும் சொல்லக் கூடாது. எழுதுகிறவன் தன்னைப் பற்றி மூச்சு விடக் கூடாது. யார் எழுதினார்கள் என்பது பக்கத்துக்குப் பின்னால் தனியாகப் பதிவாகியிருக்கும். நான் எழுதிய வரிகளில் வரிக்கொரு குற்றம் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஒழுங்கைக் கண்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அடுத்தவர் எழுதிய பக்கங்களில் ‘அருமை’, ‘பிரமாதம்’ எல்லாவற்றையும் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கினேன். கொஞ்ச நாளில் ஆந்தை என்னையும் விதிமுறைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. அந்த விளையாட்டையும் விக்கியையும் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் ஒரு அதிகாரி. (சம்பளம்தான் கிடையாது.)

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா தமிழரசியின் மகள் தர்ஷினிக்குக் காது குத்த நாள் வைத்தார்கள். அக்காவைத் தா.பழூரில் கொடுத்திருந்தோம். மச்சான் தங்கமான மனிதர். அவரைப் பெற்ற அம்மாவும் தங்கம்தான், ஆனால் எப்போதும் உரசிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தங்கம். “ஒன் பொறந்த வூட்ல என்னத்தச் செஞ்சு கிழிச்சாங்க?” என்று கேட்காத நாள் கிடையாது. அக்கா பதில் பேச மாட்டாள். அவள் இந்த ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தாள். தம்பி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வருவான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அப்புறம் அத்தை வாயைத் திறக்க முடியாது என்பது அவள் கணக்கு.

விசேஷம் சிறுவாச்சூர் கோயிலில். பத்திரிகையை எங்கள் வீட்டிலேயே அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தோம். “தம்பி கம்ப்யூட்டர்ல அழகாப் போட்டுருவான்” என்றாள் அக்கா. அப்பா எல்லாப் பெயர்களையும் சொன்னார். தாய்மாமன் என்கிற இடத்தில் என் பெயரும், பெரியப்பா மகன் அன்பழகன் அண்ணன் பெயரும் வர வேண்டும். (பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கிணற்று மோட்டார் தகராறில் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் பெயர் போட வேண்டும். பேசாமல் இருப்பது வேறு, பெயர் போடாமல் இருப்பது வேறு.)

உட்கார்ந்தேன். மாதிரிக்கு வைத்திருந்த பழைய பத்திரிகையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டான். ‘அன்புடையீர்’ என்று ஆரம்பிக்கிறது. படிக்கிறவரைக் கூப்பிடக் கூடாதே, எடுத்தேன். ‘சீரும் சிறப்புமாக’ என்பது புகழ்ச்சி, எடுத்தேன். ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்’ என்பதில் கூப்பிடுதலும் இருந்தது, எழுதுகிறவர்களும் இருந்தார்கள். முழு வரியையும் எடுத்தேன். மேலே இருந்த ‘சிறுவாச்சூர் காளியம்மன் துணை’யில் மட்டும் கை வைக்கவில்லை. ஆதாரம் எங்கே என்று அவளிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கடைசியில் என் பெயர். எழுதுகிறவன் தன்னை எழுதக் கூடாது. அதையும் எடுத்தேன். எடுத்துவிட்டு, எவ்வளவு அடக்கமான பிள்ளை நான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஜாகிர் பாய் திரையை எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, இது பத்திரிகையா, கரண்டு கட் நோட்டீஸா?”

“இப்ப எல்லாம் இப்படித்தாங்க பாய் போடுறாங்க” என்றேன்.

அப்பா தேதியையும் நேரத்தையும் சரிபார்த்தார். அம்மா பிள்ளையார் படம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். மற்றதைப் படித்த பிள்ளை பார்த்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். அச்சாகி வந்ததும் பாதிக் கட்டு தா.பழூருக்குப் போய்விட்டது.

சில நாள் கழித்துக் கடைக்கு போன் வந்தது. அக்கா.

“சேகரு, எம்மேல என்னடா கோவம் ஒனக்கு?”

“கோவமா? ஒண்ணுமில்லியேக்கா.”

“அப்புறம் ஏண்டா ஒம்பேரப் போடல?”

“எழுதுறவன் பேரு அதுல வரக்கூடாதுக்கா. அது விதி.”

“எங்கத்தை தெரு பூரா காட்டிட்டு வந்துட்டாங்கடா. தாய்மாமனே கழண்டுக்கிட்டான், பொறந்த வூட்டு லட்சணத்தப் பாத்துக்குங்கன்னு” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. பத்திரிகையை எடுத்து, முதல் தடவையாக ஒரு சொந்தக்காரனாகப் படித்தேன். தர்ஷினி காதணி விழா சிறுவாச்சூரில் நடைபெறுகிறது. தாய்மாமன்: அன்பழகன். அவ்வளவுதான். யாரையும் வா என்று கூப்பிடவில்லை.

வேறு பத்திரிகை அடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. அடிக்கிற தெம்புகூட அவர் முகத்தில் இல்லை.

“திரும்ப அடிச்சா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிப்பானுங்க. நீயே நேர்ல போயி, மூஞ்சியக் காட்டிக் கூப்புட்டு வா. ஒரு வூடு விடக்கூடாது.”

வெயிலில் கிளம்பினேன். அரியலூரில் பஸ் மாறி, அங்கிருந்து மினி பஸ் பிடித்து, அது விட்ட இடத்திலிருந்து நடந்து வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காபி. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. சொத்துப் பிரச்சினையாமே? நீ யாரையோ கட்டிக்கப் போறியாமே, அக்கா வேணாம்னுச்சாமே? அக்காவும் தம்பியும் பிரிந்துவிட்டோம் என்று ஊர் முடிவே கட்டிவிட்டது. (அரியலூரும் பெரம்பலூரும் அந்தக் காலத்தில் ஒரே மாவட்டமாகச் சேர்வதும் பிரிவதுமாகத்தான் இருந்தன. ஆனால் அதைப் பற்றி யாரும் என்னிடம் துருவித் துருவிக் கேட்கவில்லை.) விக்கி, விதிமுறை, ஆந்தை என்று முதல் இரண்டு வீட்டில் விளக்கிப் பார்த்தேன். பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விபூதி பூசி அனுப்பினார்கள். அப்புறம் விளக்குவதை விட்டுவிட்டேன்.

ஒரு சித்தப்பா என்னை நிற்க வைத்துக்கொண்டே கண்ணாடி போட்டு உரக்கப் படித்தார். “நடைபெறுகிறது. சரி, நடக்கட்டும்! எங்கள எதுக்கு எழுப்புற?”

“நீங்க அவசியம் வரணும் சித்தப்பா.”

“இத அதுலயே போட்டிருந்தா ஒனக்கு பஸ் செலவு மிச்சம்ல?”

கடைசியாக அன்பழகன் அண்ணன் வீடு. அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மடி எனக்குத்தான் என்று நாசூக்காகப் புரிய வைப்பது என் திட்டம். வாசலிலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“பெரிய மனசுடா ஒனக்கு. பெரியவங்க சண்டையெல்லாம் ஓரமா வச்சுட்டு, ஒம்பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டுருக்க பாரு. அப்பாகூட ஒண்ணும் சொல்லல, சும்மா ரெண்டு தடவ படிச்சாரு.”

உள்ளே கூட்டிப்போய் அவர் வாங்கி வைத்திருந்த பட்டு வேட்டியைக் காட்டினார். குட்டியாக ஒரு ஜோடித் தோட்டையும் காட்டினார். அதைப் பார்த்த பிறகு, ‘அண்ணே, அது எழுத்து நடை விதியால் வந்தது’ என்று எந்த வாயால் சொல்வது? காபியைக் குடித்துவிட்டு, “தோடு நல்லா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

விசேஷ நாளில் கோயிலுக்குக் கூட்டம் நிறைய வந்தது. நான் கூப்பிட்டதற்காகப் பாதிப் பேர், என்ன நடக்கப் போகிறது என்று பார்க்கப் பாதிப் பேர். எங்கள் சீர் ஒரு மேளத்தோடு ஒரு பக்கத்திலிருந்து வந்தது. பெரியப்பா வீட்டுச் சீர் இன்னொரு மேளத்தோடு இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. பட்டு வேட்டியில் நானும் அண்ணனும் எதிரெதிரே நின்றோம். அப்பா மேற்கே பார்த்தார், பெரியப்பா கிழக்கே பார்த்தார். காது குத்துகிற பத்தர் பாயில் உட்கார்ந்து, “எந்த மாமன் மடிங்க?” என்றார்.

அக்காவின் மாமியார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் விட்டுக்கொடுத்தால் அக்கா தலைகுனிய வேண்டும். கேட்டு வாங்கினால் அண்ணனை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்த வேண்டும். அண்ணனுக்கும் அப்போதுதான் ஏதோ புரிந்த மாதிரி முகம் மாறிக்கொண்டு வந்தது.

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். மாமியார் வீட்டார் முன்னால் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“எம்புள்ளைக்குக் காது ரெண்டு இருக்கு. எனக்குக் கூடப்பொறந்தவனுங்களும் ரெண்டு பேரு இருக்கானுங்க. ஆளுக்கு ஒரு காது. குத்துங்க பத்தரே.”

வலது காது அண்ணன் மடியில். தர்ஷினி கையில் லட்டு வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பைப் போட்டோக்காரர் அழகாகப் பிடித்துவிட்டார். குத்தியதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடது காதுக்கு என் மடி. நான்கு பேர் அமுக்கிப் பிடித்தும் உதைத்தாள், லட்டை என் முகத்தில் அப்பினாள், பத்தர் கம்பியைக் கொண்டுவந்த நேரம் பார்த்து என் கட்டை விரலைக் கடித்தாள். நான் துள்ளினேன். என்னோடு பிள்ளையும் துள்ளியது. அந்தப் போட்டோவில் யாருக்குக் காது குத்தினார்கள் என்று வெளியாட்கள் குழம்புவது உண்டு.

அக்காவின் மாமியார் அன்று மாலையே கட்சி மாறிவிட்டார். “எம்பேத்திக்கு ரெண்டு மாமன் சீரு. வேற யாருக்கு வந்துருக்கு?” என்று தா.பழூரில் இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேசிக்கொள்ளவில்லை. பெரியப்பா இலைக்கு ரசம் வரவில்லை என்று அப்பா பரிமாறுகிறவனைச் சத்தம் போட்டார். எங்கள் வீட்டில் சமாதானம் என்றால் அவ்வளவுதான், அவ்வளவு போதும்.

அந்தத் துள்ளலில் இடது காது ஓட்டை ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கிவிட்டது. தர்ஷினி இப்போது காலேஜுக்குப் போகிறாள். எந்தக் கம்மல் போட்டாலும் ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கும். போன தீபாவளிக்கு நகைக்கடைக்குக் கூட்டிப்போனோம். விற்கிற பையன் ஜிமிக்கியை மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தான். மறுபடி கழற்றி மாட்டினான். கடைசியில், “இந்தக் காது மட்டும் கொஞ்சம் எறங்கியிருக்கேம்மா” என்றான்.

அக்கா ஜிமிக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது என் தம்பி காதுங்க” என்றாள்.

பையன் நிமிர்ந்து என் காதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.