மாடி ரூமும் ஒரு வதந்தியும்

இனி இந்த வீட்டில் முடிவெடுப்பவன் நானே என்று தீர்மானித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கையோடு. காரணம் ஒரு புத்தகம். பத்திரிகையும் டிவியும் வாட்ஸ்அப்பும் ஊரை எப்படிப் பயமுறுத்தி வழிக்குக் கொண்டுவருகின்றன என்று விலாவாரியாக எழுதியிருந்தது. படிக்கிறவர்கள் ஏமாறாமல் இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம் ஆசிரியருக்கு. நான் அதைச் சமையல் குறிப்பு மாதிரி படித்தேன்.

அவசரம் அப்படி. சிவகாசியிலிருக்கும் மச்சினன் ஜாபஸ், குடும்பத்தோடு எங்கள் மாடி ரூமுக்குக் குடிவரப் போவதாக என் மனைவி எவாஞ்சலின் அறிவித்திருந்தாள். இந்த விருதுநகரில் நான் வாய்விட்டுப் பாடவும் மதியம் குறட்டை விடவும் அந்த ரூமை விட்டால் வேறு இடம் கிடையாது. முடியாது என்று நேராகச் சொல்லலாம்தான். நேராகச் சொல்லி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அப்துல் குத்தூஸைப் பிடித்தேன்.

"பாய், உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். தீபாவளி சீசன் நேரம்லா? புதுசா ஆள் குடிவந்த வீட்டுலல்லாம் பட்டாசு பதுக்கியிருக்கான்னு சோதனை போடுதாகளாம்."

"யாரு சார் சொன்னா?"

"பெரிய இடம். வெளிய சொல்லிராதீக."

வெளியே சொல்லாதே என்றால் போதும், செய்தி தெருவைச் சுற்றிவிடும். அதுவும் புத்தகத்தில் இருந்தது.

சாயங்காலம் நர்ஸ் டூட்டி முடிந்து வந்த எவாஞ்சலின் முகம் வெளுத்திருந்தது. உள்ளூரச் சிரித்துக்கொண்டே காபியை நீட்டினேன்.

"என்னங்க, கேள்விப்பட்டீகளா? வீடு வீடா சோதனையாம்!"

"அப்படியா! புதுசா ஆள் வந்த வீட்டுலயா?"

"அதாரு சொன்னா? ஆளில்லாம பூட்டிக் கிடக்குற மாடி ரூமைத்தான் பாக்காகளாம். ஆமத்தூர்ல ஒரு வாத்தியாரை ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாகளாம். நீங்களும் வாத்தியாருதானே?"

என் சிரிப்பு நின்றது. பட்டாசு கம்பெனிக்காரர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவனுக்குப் பட்டாசு பெட்டிக்கணக்கில் வரும். போன கிறிஸ்துமஸுக்கு மழையில் வெடிக்காமல் போனதெல்லாம் மாடிக் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கவும் பயம்.

கிளப்பிவிட்டது நான்தானே, பொய்தானே என்று தேற்றிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. பாயிடம் ஓடினேன்.

"நெசந்தான் சார். மெகருன்னிசாவே சொல்லிட்டா. பூட்டுன ரூம்தானாம்."

மெகருன்னிசா அவர் வீட்டம்மா. பால்காரரும் அதையே சொன்னார். ஒரு பொய்யை நாலு பேர் சொன்னால் நிஜமாகிவிடும் என்ற வரிக்கு அடிக்கோடு போட்டவன் நான். இருந்தும் நம்பிவிட்டேன்.

"இப்ப என்ன செய்ய, எவாஞ்சலின்?"

"ரூம்ல யாராச்சும் குடியிருந்தா நல்லது. ஆளுக்கு எங்க போக?"

"ஜாபஸ் வாரேன்னானே?"

"உங்களுக்குப் பிடிக்காதேன்னு வேண்டாம்னுட்டேனே."

"யாருக்குப் பிடிக்காது? நானே கூப்பிடுதேன்!"

உடனே போன் போட்டேன்.

"ஜாபஸு, இப்பவே குடிவந்துரு. உன்னைய கெஞ்சிக் கேக்கேன்!"

"பாதி தூரம் வந்துட்டோம் அத்தான். காலையில நீங்க பாய்கிட்ட பேசிட்டு நிக்கையிலயே அக்கா போன் போட்டுச்சு. 'மெகருன்னிசாகிட்ட நான் ஒண்ணு சொல்லி வைக்கேன். நீ லோடு ஏத்துலே, சாயங்காலம் அத்தானே கூப்பிடுவாக'ன்னு."