மாப்பிள்ளை வீட்டில் நான் அடித்த ஆணி

எல்ம் ஃபோர்க், நெப்ராஸ்கா
டிசம்பர் 3

அன்புள்ள தங்கை மாக்ஸீனுக்கு,

அண்ணன் வெர்லின் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே டெக்சாஸில் நீயும் உன் சர்க்கரையும் அடங்கி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் டெலியா இனி எங்கும் போகப்போவதில்லை! என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, பேத்தி ரூபியோடு இங்கேயே இருக்கப்போகிறாள். நீ பொறாமைப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை கார்வின் கல்லூரிக் கால்பந்தில் உதவிப் பயிற்சியாளர் என்பது உனக்குத் தெரியும். அது என்ன பிழைப்பு என்பது, போன வருஷம் அவர்கள் நம்மூர்க் கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் நாற்பது வருஷம் ஒரே தபால் வண்டியில் ஒரே பாதையில் போனவன். இந்த மனுஷன் பதினோரு வருஷத்தில் எட்டு மாநிலம் பார்த்துவிட்டான். முதல் இரண்டு வருஷம் ஆட்ட வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டு அலுவலக சோபாவிலேயே தூங்கினானாம். ஆட்டங்கள் தோற்றுத் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்தே சீட்டுக் கிழியும். ஒருமுறை, ஓர் ஆட்டக்காரப் பையனைக் கல்லூரிக்கு இழுக்க அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா வைத்த மாட்டிறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வேலை போய்விட்டதென்று போன் வந்திருக்கிறது. போனை வைத்துவிட்டுத் தட்டைக் காலி செய்து, "கண்ணை மூடிக்கிட்டு சேருப்பா, நல்ல காலேஜ்" என்று சொல்லிவிட்டு வந்தானாம். மாக்ஸீன், நானாக இருந்தால் அந்த மேஜையிலேயே அழுதிருப்பேன். அவனை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பீரோவில் கல்லூரிக்கு ஒன்றாக எட்டு நிறத்தில் சட்டை. ஊர் மாறும்போதெல்லாம் ரூபி, "இந்த வருஷம் எந்தக் கலருக்குக் கை தட்டணும்?" என்றுதான் கேட்பாளாம்.

இவர்களிடம் ஒரு வழக்கம். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், அடித்தால் ஊர் மாற வேண்டிவருமாம். படமெல்லாம் தரையில் சாய்ந்து நிற்கும். எனக்கென்ன தெரியும்? செப்டம்பரில் அவர்கள் கல்யாணப் படத்தைக் கூடத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். கடையிலிருந்து வந்த டெலியா பையை அப்படியே கீழே போட்டாள்.

"அப்பா! என்ன காரியம் பண்ணிட்டீங்க? பதினோரு வருஷமா ஒரு ஆணி அடிச்சதில்ல நான்!"

"ஒத்த ஆணிதானம்மா?"

"விடு டெலியா," என்றான் கார்வின். "மாமா சுத்தியலைத் தூக்கிட்டாரு. இனி நாம ஜெயிச்சே ஆகணும்."

முதல் ஆட்டமே தோல்வி. ரூபி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மகளை நானே பெட்டி கட்டி அனுப்பப்போகிறேன் என்று சனிக்கிழமைதோறும் செத்துப் பிழைத்தேன். அப்புறம் நடந்ததுதான் அதிசயம். வரிசையாகப் பதினோரு வெற்றி! கடைசி ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் கொண்டாட்டத்தில் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். இனி இவர்களை யார் நீக்க முடியும்? நேற்று டெலியாவே, "ஜன்னல் திரைக்கு ரெண்டு ஆணி இருக்காப்பா?" என்று கேட்டாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

உன் தோட்டத்துக்கு மழையும் உனக்கு நல்ல தூக்கமும் ஆண்டவர் தரட்டும்.

அன்பு அண்ணன்,
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டெலியா போன் செய்தாள். இவ்வளவு ஜெயித்த தலைமைப் பயிற்சியாளரை ஒரு பெரிய பல்கலைக்கழகம் விமானம் அனுப்பிக் கூட்டிப்போகிறது. அவர் கார்வினையும் கையோடு கூட்டிப்போகிறார். தோற்றாலும் பெட்டி, ஜெயித்தாலும் பெட்டி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் உன் ஊரில்தான் இருக்கிறது. உன் தேவாலயத்துக்குப் பின்தெருவில் வீடு பார்த்தாயிற்றாம். மேலே நான் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் இனி உன்னுடையது. ஆணியைப் பிடுங்கி இதோடு வைத்திருக்கிறேன், தயவுசெய்து எங்கேயும் அடித்துவிடாதே. உங்கள் ஊர்க் கலர் என்ன? எனக்கும் ஒரு சட்டை வாங்கி வை.