நடாமல் விட்ட இடங்கள்

நடவு இயந்திரம் போன தடத்தில் பாதி வெறும் சேறு. ஒரு நாற்று நின்றால் அடுத்த மூன்றைக் காணோம்.

"எண்பது வயசுக் கிழவர் பல்லு மாதிரி இருக்கு மேடம்," என்றார் ஓட்டுநர்.

பயிற்சி அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. குறைந்த விதை, குறைந்த தண்ணீர், ஒரே நாளில் நடவு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, அவள் தேர்ந்தெடுத்த முன்மாதிரி வயல் இது. இந்தப் பருவம் சொதப்பினால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். வயல்காரப் பெரியவரோ வகுப்பில் முதல் மாணவர். மற்றவர்கள் குறட்டை விட்டபோதும் குறிப்பெடுத்தவர்.

"நாற்றுத் தட்டுக்கு மண்ணைக் கல்லில்லாமச் சலிச்சீங்களா?"

"மறந்துட்டேன் மேடம்."

விட்ட இடங்களைக் கையால் நட ஐந்து பெண்களை அழைத்தார்கள்.

பெரியவரின் அடுத்த வயலுக்கு அவளே உட்கார்ந்து மண் சலித்தாள். நடவன்று வயலில் முழங்கால் அளவு தண்ணீர். நாற்றெல்லாம் மிதந்தது.

"மடையை அடைக்க மறந்துட்டேன் மேடம்."

பத்துப் பெண்கள் வந்தார்கள்.

கடைசி வயலுக்கு மடையையும் அவளே அடைத்தாள். இம்முறை நாற்று வளர்ந்து பின்னிக்கிடந்தது. இயந்திரம் பிய்த்துப் பிய்த்துத் துப்பியது.

"விதைச்ச தேதியை மாத்திச் சொல்லிட்டேன் போல."

பதினைந்து பெண்கள்.

"மெஷின் வந்தப்புறம்தான்யா ஆள் நிறைய தேவைப்படுது," என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் சிரித்துக் கலைந்தார்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது.

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லிக்கொடுத்ததுல எது புரியலன்னு சொல்லுங்க பெரியவரே."

"எல்லாம் புரிஞ்சுது மேடம். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

சொல்லும்போது அவர் கண் வயலிலேயே இருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப்போய், பெண்கள் நட்டுவரும் வரப்பு முனையில் வைத்தார். யாரையும் கூப்பிடாமல், தள்ளிப்போய் வெயிலில் நின்றுகொண்டார்.

"இவரைப் புரிஞ்சுக்கவே முடியல," என்றாள், இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் கயிற்றை இறுக்கினார். "அந்தக் கோடியில குனிஞ்சு நடுது பாருங்க, அது அவர் பொண்ணு. கல்யாணத் தகராறுல பேச்சு நின்னு ஏழு வருஷமாச்சு. எல்லாத்தையும் மெஷினே நட்டுட்டா, அந்தப் பொண்ணு எதுக்கு மேடம் இந்தப் பக்கம் வரப்போகுது?"