ஸ்டோர்கீப்பரும் இருபது சொல்லும்

உயிரே போனாலும் பொண்டாட்டிக்கு மட்டும் இது தெரியக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர்கீப்பர் எடுத்த சபதம் இது.

வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பரீட்சை. இருபது சொல்லுக்கு அர்த்தம் சொல்லணும். தேறினா அதே நாற்காலி. தேறலேன்னா வெயில்ல நின்னு மூட்டை எண்ணணும். வீட்டுலயோ அவருதான் கம்ப்யூட்டர் புலி. பதினோரு வருஷமா அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காரு. புலிக்கு மவுஸை எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியாது.

திங்கக்கிழமை காலையில, ஆபீஸ்ல கொடுத்த புத்தகத்தைப் பார்த்து சீட்டு எழுதி, சாமான் சாமானா ஒட்டினாரு. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா மனசுல நிக்குமாம்.

"என்னங்க, அடுப்பு மேடையில சீட்டு?"

"ஹார்ட் டிஸ்க். எல்லாம் அங்கதானே இருக்கு? நீயும் நாலு விஷயம் கத்துக்கணும்ல."

"மேடையில எதுங்க தங்குது? சமைக்கற வரைக்கும் இருக்கும். முடிஞ்சா துடைச்சுடுவேன். அது ரேம். பரண்தான் ஹார்ட் டிஸ்க். போட்டது போட்டபடி கிடக்கும்."

அந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு அவருக்கு என்ன தெரியும்? சட்டை தானா துவைஞ்சு, தானா மடிஞ்சு வருதுன்னு நம்பிக்கிட்டிருந்த ஜென்மம்.

"உன்னைச் சோதிச்சேன்."

"சரி, சேவ்னா என்ன?"

"வேலை முடிஞ்சதும்... அப்படியே விடறது."

"ஈரத் துண்டைக் கட்டில்ல விடறீங்களே, அப்படியா? எடுத்து அதோட இடத்துல வெச்சாத்தான் சேவ். வெச்சுப் பாருங்க, மறக்காது."

வெச்சாரு. மறக்கல. அங்கதான் மாட்டினாரு.

செவ்வாய்க்கிழமை அந்தம்மா சொன்ன பாடம் ஃபோல்டர். சட்டை ஒரு அடுக்கு, துண்டு ஒரு அடுக்குன்னு பீரோ முழுக்க மடிச்சு வெச்சாரு. புதன்கிழமை வைரஸ் ஸ்கேன். கட்டிலுக்கு அடியில தவழ்ந்து, மூலை மூலையாத் தூசி தட்டினாரு. வியாழக்கிழமை அந்தம்மா குப்பைக்கூடையைக் கிளறி, அவரு கைதவறிப் போட்ட பேனாவை எடுத்துக் காட்டினாங்க.

"கூடையில போட்டா டெலீட் ஆயிடுமா? இது ரீசைக்கிள் பின். வெளியில கொட்டற வரைக்கும் எல்லாம் உள்ளதான் இருக்கும். போய்க் கொட்டிட்டு வாங்க."

கொட்டிட்டு வந்தாரு.

வெள்ளிக்கிழமை இருபதுக்கு இருபது. நாற்காலி தப்பிச்சது. வீட்டுக்கு வந்து கால் மேல கால் போட்டு உட்கார்ந்தாரு.

"பரீட்சை எப்படிங்க?"

மேல போட்ட கால் கீழ இறங்குச்சு. "எ... எந்தப் பரீட்சை?"

"சனிக்கிழமை உங்க பையில சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். அடியில புத்தகம். அட்டையிலயே பரீட்சைத் தேதி போட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க குறட்டை விட்ட நேரத்துல படிச்சு முடிச்சேன்."

"அப்ப நேராச் சொல்லித் தர வேண்டியதுதானே? துணி, தூசி, குப்பை எல்லாம் எதுக்கு?"

"பதினோரு வருஷமா வாயால சொன்னேனே, ஏறிச்சா?"

ரோஷம் வந்துச்சு. வந்து என்ன பண்ண? மெதுவா எழுந்தாரு.

"சரி விடு. பரீட்சைதான் முடிஞ்சுதே. நாளையிலேருந்து பழையபடி நீயே பார்த்துக்கோ."

அந்தம்மா துணிக்கூடையை அவரு கையில வெச்சாங்க.

"பரீட்சைக்கு வராத சொல்லு ஒண்ணு கடைசிப் பக்கத்துல இருக்குங்க. டீஃபால்ட். யாரும் மாத்தாத வரைக்கும் தானா நடந்துக்கிட்டே இருக்கறது. இத்தனை நாள் அது நான். மாத்தியாச்சு."