மூன்று தடவை தட்டிய கீரி

ஒரு காட்டில் ராஜா என்று ஒரு சிங்கம் பேருக்கு உட்கார்ந்திருக்க, ராஜாங்கத்தை ஒரே ஒரு கம்ப்யூட்டர் நடத்திக்கொண்டிருந்தது. படுத்துக்கொள்ள ஒரு வளை வேண்டும் என்றால்கூட அதில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். மிருகங்களுக்கு வந்த கேடு!

ஒருநாள் எவனோ அதற்குள் புகுந்து ராஜாவின் படத்தில் பிடரியை மழித்துவிட்டான். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி ஈ எறும்புகூட நுழையக் கூடாது என்று கம்ப்யூட்டர் அதிகாரி முள்ளம்பன்றி குஞ்சிதபாதத்துக்கு உத்தரவு போட்டார்.

குஞ்சிதபாதம் மூன்று நாள் செட்டிங்ஸுக்குள்ளேயே குடியிருந்தார். வேண்டாத புரோகிராம்களைத் தூக்கினார், பென்டிரைவ் வேலை செய்யாமல் தடுத்தார், ஃபயர்வாலைப் போட்டார். எல்லாம் சரியான வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியாக ஒன்று செய்தார் பாருங்கள், அங்கேதான் மேதாவித்தனம் முற்றிப்போனது. யார் பெயரில் மூன்று தடவை பாஸ்வேர்டு தப்பாக விழுந்தாலும், அந்தப் பெயருக்கு அன்று முழுக்கக் கதவு திறக்காது. இவ்வளவும் செய்துவிட்டு, எல்லோருடைய லாகின் பெயரையும் ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டினார். மறந்துபோய்விடுவார்களாம்.

அந்த வாரம் ஆற்றங்கரை மேட்டில் ஒரு வளை காலியானது. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத வளை அது ஒன்றுதான். திங்கள் முதல் வியாழன் வரை மனுப் போடலாம். பிள்ளைத்தாய்ச்சி கேட்டால் அவளுக்கே முதல் உரிமை. முயல் பவுனம்மாவுக்கு நிறைமாதம். கீரி மாசிலாமணிக்கும் அதே வளைமேல்தான் கண்.

மாசிலாமணி திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் தன் மனுவைப் போட்டான். கையோடு பவுனம்மாவின் பெயரை அடித்து, கைக்கு வந்ததை மூன்று தடவை தட்டிவிட்டுப் போனான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது அவள் பெயருக்குக் கதவு பூட்டியிருந்தது. செவ்வாயும் அதே கதை. புதன்கிழமையும் பூட்டியிருக்கவே அவள் குஞ்சிதபாதத்திடம் போய் அழுதாள்.

"ஐயா, நான் இன்னும் அதுல கையே வைக்கலைங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. நீதான் தப்பாப் போட்டிருக்கே. பூட்டைத் திறக்கணும்னா மனுக் குடு."

"யாருகிட்ட குடுக்கணுங்க?"

"உள்ள லாகின் பண்ணி அதுலயே போடு."

வியாழன் விடியும்போதே பவுனம்மா வந்து வரிசையில் முதலாவதாக நின்றாள். பின்னாலேயே வந்த மாசிலாமணி, நிறைமாதக்காரி கால் கடுக்க நிற்கலாமா, நிழலில் உட்கார், இடம் நான் பிடித்து வைக்கிறேன் என்றான். நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு உட்கார்ந்தாள், பாவி மகள். ஆபீஸ் திறந்ததும் அவன்தான் முதலில் உள்ளே போனான்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. புதரடியில் அவள் ஈன்ற நாலு குட்டிகளில் மூன்றை வெள்ளம் கொண்டுபோனது. மேட்டு வளையில் கீரி சருகு விரித்துக் காலை நீட்டிப் படுத்திருந்தான். எனக்கு வயிறு எரிகிறது, உங்களுக்கு எப்படியோ.

மறுவாரம் ராஜா ஆய்வுக்கு வந்தார். நாலு நாளில் பன்னிரண்டு அத்துமீறல்கள் முறியடிக்கப்பட்டன என்று கம்ப்யூட்டர் காட்டியது. குஞ்சிதபாதத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முள் பட்டுக் கிழிந்தது, அது வேறு விஷயம். தினமும் ஆபீஸ் திறக்குமுன்பே வந்து நின்ற பொறுப்பான குடிமகன் என்று மாசிலாமணியைப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பவுனம்மாவின் பெயரைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றினார்கள்.

நீதி: அடுத்தவர் வீட்டுக்குச் சாவி தேடி அலையாதே. அவர்களை வெளியே நிறுத்தினால் போதும். அதற்கென்றே சம்பளம் வாங்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார்.