கைப்பக்குவம் ஒப்படைக்கப்பட்டது

மாவட்டத்தின் முன்னேற்றம் சாம்பாரில் தெரிய வேண்டும் என்று பெருஞ்சமையல் நவீனமயப் பிரிவு முடிவு செய்தது. முடிவு செய்தவர்களில் யாரும் அந்தச் சாம்பாரைச் சாப்பிடுகிறவர்கள் அல்ல. ஆகையால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மேற்படி சாம்பார் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஒரு பெரிய தகரக் கொட்டகையில் தினமும் கொதித்தது. அங்கிருந்து வேன் ஏறி, கல்வராயன்மலை மாணவர் விடுதிகளுக்கும் நைனார்பாளையம் பக்கத்து விடுதிகளுக்கும் போகும். கொதிக்க வைத்தவர் தீனதயாளன். இருபத்திரண்டு வருஷமாகத் தலைமைச் சமையல்காரர், இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகம். அடுப்பு மாறியது, கூரை மாறியது, ஆட்சிகூட மாறியது. தற்காலிகம் மட்டும் நிரந்தரமாக இருந்தது. அவருக்கு இரண்டே ஆசைதான். ஒன்று பணி நிரந்தரம், இன்னொன்று உட்கார ஒரு நாற்காலி.

ரொம்ப நல்லவர் என்று சொல்லிவிடவும் முடியாது. உதவியாளர் உபகாரமேரி புளிக்கரைசல் கொண்டுவரக் கொஞ்சம் தாமதித்தால், கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் ஒரு தட்டு வைப்பார். "கத்துக்கினு இருக்கறவளுக்கு இதான் பாடம்" என்பார். மேரி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவள் மகள், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். பாடம் இன்னும் முடியவில்லை.

ஒரு நாள் நவீனமயப் பிரிவின் அதிகாரி தனசேகரன் வந்து இறங்கினார். பின்னாலேயே லாரியில் அறுசுவை-2 வந்தது. ஆளுயர எஃகு அண்டா, பக்கத்தில் கரண்டி பிடித்த ஓர் எஃகுக் கை. அறுசுவை-1 எங்கே போயிற்று என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

"தீனதயாளன், இனிமே நீங்க சமைக்க வேணாம்" என்றார் தனசேகரன்.

தீனதயாளன் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் இப்படிச் சொல்றீங்க?"

"பயப்படாதீங்க. உங்க கைப்பக்குவத்த மெஷினுக்குக் குடுத்துடுங்க. அப்புறம் நாற்காலியில உக்காந்துகினு மேற்பார்வை பாருங்க. நிரந்தரத்துக்கும் மேல எழுதறேன்."

நாற்காலி என்றதும் பாதி பயம் போயிற்று. நிரந்தரம் என்றதும் மீதியும் போயிற்று. கைப்பக்குவம் என்ன, கையையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

கம்பெனி இன்ஜினீயர் ஜோஸ்வா, ஒயர் வைத்த கையுறைகளை அவர் கையில் மாட்டிவிட்டான். "மாஸ்டர், நீங்க எப்பவும்போல வேல செய்ங்க. நீங்க இன்னா செஞ்சாலும் மெஷின் அப்படியே செய்யும். எது சமையல், எது பழக்கம்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது."

"எனக்கே தெரியாதேப்பா" என்றார் தீனதயாளன்.

உண்மைதான். பருப்பைக் கடைந்தார், காயைப் போட்டார், கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்தார். பெரிய அண்டாவுக்கு ஊர்க்கண் படும் என்று ஒரு பிடி கல்லுப்பை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, இடப்பக்கத்து விறகடுப்பில் வீசினார். அது படபடவென்று வெடித்தது. பத்து மணிக்குக் கரண்டியைப் போட்டுவிட்டு டீக்குப் போனார். புளிக்குத் தாமதித்த மேரியின் முட்டியில் ஒரு தட்டு வைத்தார். கையுறை எல்லாவற்றையும் வரிசையாக வாங்கிக்கொண்டது.

கையுறைப் பதிவின் கடைசி நாளில் தனசேகரன் ஒப்படைப்புச் சான்றை உரக்க வாசித்தார். "மேற்படி நபரின் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் முழுவதும், எவ்வித மிச்சமுமின்றி, மேற்படி இயந்திரத்துக்கு இதன்மூலம் மாற்றப்படுகிறது." தீனதயாளன் கையுறையைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

தொடக்க விழாவுக்கு மேலிடத்திலிருந்து இயக்குநர் வந்தார். எஃகுக் கை பருப்பைக் கடைந்தது, காயைப் போட்டது, தன் முதுகு இருக்க வேண்டிய இடத்தைக் காற்றில் சொறிந்தது. பிறகு ஒரு பிடி கல்லுப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி இடப்பக்கம் வீசியது. விறகடுப்பை இடித்துவிட்டு அங்கேதான் விருந்தினர் வரிசை போட்டிருந்தார்கள். உப்பு இயக்குநரின் மடியில் விழுந்தது.

"என்ன இது?"

"தானியங்கித் திருஷ்டி நீக்க வசதிங்க சார்" என்றார் தனசேகரன், கண் இமைக்காமல்.

"வெளிநாட்டு மெஷின்ல இது உண்டா?"

"கிடையவே கிடையாதுங்க சார்."

"அப்ப உலகத்துலயே நாமதான் முதல்!"

கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது. அந்தச் சத்தத்திலேயே மேரி புளியைக் கொண்டுவந்தாள். கொஞ்சம் தாமதம். கரண்டிக் காம்பு அவள் விரல் முட்டியில் இறங்கியது. இறக்கியது எஃகு.

மேரி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "மனுசன் அடிச்சா ஏதோ கோவத்துல அடிச்சிட்டாருன்னு வுட்டுடலாம். இது கோவமே இல்லாம அடிக்குது. இதுகிட்ட அடி வாங்கிக்கினு என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுவாரமே கொட்டகை வாசலில் இட்லி வண்டி போட்டாள். நவீனமயப் பிரிவின் அலுவலர்கள் காலைச் சிற்றுண்டியை அங்கேதான் சாப்பிட்டார்கள். கொட்டகைச் சாப்பாட்டின் தரத்தை ஆய்வு செய்ய வெறும் வயிற்றோடு போகக்கூடாதாம்.

விழா அன்று இயக்குநர் கிளம்பியபோது மணி பத்து. எஃகுக் கை கரண்டியைப் போட்டுவிட்டு மடங்கிக்கொண்டது. சாம்பார் அடிபிடிக்க ஆரம்பித்தது. தீனதயாளன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கரண்டியை எடுத்தார்.

"தொடாதீங்க!" என்று தனசேகரன் கத்தினார். "கைப்பக்குவத்த எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப உங்க கை வெறும் கை."

"சார், தீயுது சார்!"

ஜோஸ்வா குறுக்கே வந்தான். "ரெண்டு நிமிஷ வேலைங்க சார். அந்த டீ நேரத்த அழிச்சிடறேன்."

"ஒப்புதல் ஆன செய்முறையை அழிப்பியா? நாளைக்குத் தணிக்கையில கேட்டா யார் பதில் சொல்றது?"

எனவே தினமும் பத்து மணிக்கு இயந்திரம் டீக்குப் போனது. இயந்திரம் டீக்குப் போவதை மேற்பார்வை செய்ய வேண்டியிருந்ததால், தீனதயாளனால் டீக்குப் போக முடியவில்லை. திருஷ்டி உப்பைப் பிடிக்க எஃகுத் தட்டு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது.

மலையிலிருந்து விடுதிக் காப்பாளர் போன் செய்தார். "சார், சாம்பார் ஒரே தீஞ்ச நாத்தம். புள்ளைங்க வெறும் சோத்துல தண்ணிய ஊத்திச் சாப்புடுதுங்க." அதற்கு எழுத்துமூலம் பதில் போயிற்று: "தாங்கள் குறிப்பிட்டது நாற்றம் அல்ல, புகைமணம்." அந்தப் பதில் எப்படியோ வெளியே கசிந்தது. ஒரே மாதத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ஸ்மோக்கி சாம்பார்' என்று பலகை வைத்து ஒரு ஓட்டல் முளைத்தது. விடுதிச் சாம்பாரைக் காறித் துப்பிய ஜனங்களே அங்கே குடும்பத்தோடு வரிசையில் நின்று, தட்டைப் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். ஆகாவென்று இருந்ததாம்.

ஒரு திங்கட்கிழமை தனசேகரன் சிரித்த முகமாக வந்தார். "தீனதயாளன், நிரந்தரம் வந்துடுச்சு!"

தீனதயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து கைகூப்பினார். தனசேகரன் ஆணையை வாசித்தார்: "இருபத்திரண்டு ஆண்டு பழுதற்ற அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, தலைமைச் சமையல்காரர் அறுசுவை-2 பணி நிரந்தரம் செய்யப்படுகிறது."

"சார்... அது என் அனுபவமாச்சே?"

"இருந்துச்சு. மிச்சமில்லாம குடுத்துட்டீங்களே."

"அப்ப எனக்கு?"

"இன்னைய தேதிக்கு உங்க அனுபவம் பூஜ்யம். ஆனாலும் பிரிவு உங்கள கைவிடல. உபகாரமேரி இடம் காலியா இருக்கு பாருங்க. உதவியாளர் பயிற்சி. தற்காலிகம்தான்."

"இந்த நாற்காலி?"

"அது தலைமைச் சமையல்காரருக்கு ஒதுக்கினது" என்று சொல்லி, தனசேகரனே நாற்காலியை எடுத்து அண்டாவின் பக்கத்தில் போட்டார். டீ நேரத்தில் கரண்டியை வைக்க வசதியாக இருந்தது.

தீனதயாளனுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த வயதில் வேறு எங்கே போவது? புளிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேரி நின்ற இடத்தில் போய் நின்றார். கால் வலியில் நடை கொஞ்சம் தாமதம். காம்பு நேராக விரல் முட்டியில் இறங்கியது. அடியில் குறையே சொல்ல முடியாது. அவர் கற்றுக்கொடுத்த அடி.

தனசேகரன் சாப்பிட்ட இட்லித் தட்டை வாங்கிப் போக வந்த மேரி, வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இடது கையால ஊத்துங்க மாஸ்டரு. வலி கம்மியா இருக்கும்."

அவர் பாத்திரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பிரமாதம்! என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு!" என்று தனசேகரன் கைதட்டினார். ஓசை சரியாக எழவில்லை. அன்று அவர் கையிலும் ஒயர் வைத்த கையுறை இருந்தது. தலைமை அலுவலகத்துக்குக் கோப்பு பார்க்கும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதற்குப் பழகிய கையாக இவர் கையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதவி உயர்வு நிச்சயம் என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டார்.

"சார், சும்மா கைதட்டாதீங்க" என்றான் ஜோஸ்வா. "அதுவும் பதிவாகிக்கினு இருக்குது."