ஆளுக்கு ஒரு டம்ளர் பெயிண்ட்

மூன்றாம் நாளும் பெயிண்ட் காயவில்லை.

சிதம்பரம் ஆள்காட்டி விரலால் பாத்ரூம் அலமாரியின் கதவைத் தொட்டுப் பார்த்தார். விரல் பச்சையாக வந்தது. கதவில் ரேகை விழுந்தது. இப்படித் தொட்டுத் தொட்டே பதினோரு ரேகை பதித்திருந்தார். திருட்டுப் போன வீட்டில்கூடப் போலீசுக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

"நாலு மணி நேரத்துல காஞ்சிரும்னுல்ல வீடியோவுல அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"அந்தப் பொண்ணு வீட்டு பாத்ரூமுக்கு மார்கழி வருமா?" என்றாள் சீதாலட்சுமி. பாத்ரூமுக்கு வெளியே பின்கட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளையார் நோன்புக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பெயிண்டரக் கூப்பிடுங்கன்னு மொத நாளே சொன்னேன்."

"நானே செஞ்சேன்னாத்தான் அவனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

சிதம்பரம் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

'அவன்' என்றது மகன் கார்த்திகேயனை. சிட்னியில் வேலை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் மூன்று முறை ஊருக்கு வந்திருக்கிறான். முதல் முறை ஒரே ஒரு இரவு வீட்டில் தங்கினான். அந்த ஒரு இரவில் சிதம்பரம் அவனுடைய வேலை, தொப்பை, தலைமுடி, அவன் பெண்டாட்டி மாமியார் அடுப்பில் வைத்த ரசம் ஆகிய நான்கைப் பற்றியும் புத்தி சொல்லி முடித்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு வெந்நீர் தயார் என்று கதவையும் தட்டினார். அடுத்த இரண்டு முறையும் அவர்கள் தங்கியது கோட்டையூர் ஓட்டலில்தான். அதுவும் இதே மாதிரி ஒரு செட்டியார் வீடுதான். அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டுப் போனதை ஓட்டலாக்கியிருந்தார்கள்.

"ஏன்ப்பா, நம்ம வீட்டுக்கு என்ன?" என்று போன முறை கேட்டதற்குக் கார்த்தி தரையைப் பார்த்தான். மருமகள் சௌபர்ணிகாதான் பதில் சொன்னாள்.

"வீடெல்லாம் அருமை மாமா. பாத்ரூம்தான்... அந்த அலமாரியப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

சிதம்பரம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியை எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அது நெஞ்சில் கிடந்தது. செட்டியார் வீட்டு வழக்கப்படி, கல்யாணமான கையோடு மகனை அதே வீட்டுக்குள் 'வேறு வைத்து', தனிக்குடித்தனம் ஆக்கியிருந்தார். தனி அறை, தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அந்த அடுப்பில் இன்றுவரை ஒரு காப்பிகூடப் போட்டதில்லை. அறையின் சாவி இவர் இடுப்பிலேயே கிடந்து தேய்ந்தது. இப்போது பிள்ளையார் நோன்புக்கு வருகிறார்கள். "இங்கேயே தங்குவியாப்பா?" என்று போனில் கேட்டதற்குக் கார்த்தி, "பாக்கலாம் அப்பச்சி" என்றான். அவர்கள் பக்கம் அப்பாதான் அப்பச்சி. பாத்ரூம் சரியாகிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு அவர்களிடம் காரணம் ஏது? இன்னும் ஒரே ஒரு இரவு அவன் அந்த அறையில் படுத்து எழுந்தால் போதும் என்றிருந்தது சிதம்பரத்துக்கு.

ஆனால் அந்த அலமாரி அவருடையது மட்டுமல்ல. வீட்டுக்கு மூன்று பங்காளிகள். கொல்லைப் பக்கத்தில் மூவருக்கும் பொதுவாகப் பாத்ரூம் கட்டியபோது மிஞ்சிய தேக்கில் மூன்று கதவு வைத்து அலமாரி செய்து, ஆளுக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். இடது கதவு சிதம்பரத்துக்கு. நடுக்கதவு, வீட்டின் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் சித்தப்பா மகன் சத்தியமூர்த்திக்கு. வலது கதவு கோயம்புத்தூரில் இருக்கும் சேவுகனுக்கு. பொதுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மூன்று பேரும் ஒப்ப வேண்டும் என்று பத்திரத்திலேயே இருந்தது. அதனால்தான் சிதம்பரம் நியாயமாகத் தன் கதவுக்கு மட்டும் பச்சை அடித்தார்.

"காத்துப் பட்டாக் காஞ்சிரும்," என்று மேசை விசிறியைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்து, பாத்ரூமைப் பார்த்துத் திருப்பிவிட்டார்.

விசிறிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் சீதாலட்சுமி இருந்தாள். அவள் முன்னால் மாவு இருந்தது. இதை அவர் யோசிக்கவில்லை. அவள் கத்தி, அவர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் சலித்த மாவில் பாதி பறந்துபோய் ஈரக் கதவில் அப்பிக்கொண்டது. பச்சைக் கதவு சாம்பல் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

"பிள்ளையாருக்கு எடுத்த மாவ உங்க கதவு தின்னுருச்சு," என்றாள் சீதாலட்சுமி. கண்ணிமை வரை வெள்ளையாக இருந்தாள்.

"தின்னர் போட்டுத் தொடச்சா வந்துரும்."

வந்தது. மாவோடு பச்சையும் சேர்ந்து வந்தது. கூழாகி, சட்டத்தில் இறங்கி, நடுக்கதவில் நான்கு கோடாக வழிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சத்தியமூர்த்தி தோளில் துண்டோடு குளிக்க வந்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்லப்பா. லேசா வழிஞ்சிருச்சு."

"உங்க பச்சை எங்க கதவுக்கு வந்துருக்கு."

"தொடச்சு விட்டுர்றேன்."

"தொடைக்காதீக. இருங்க, மொதல்ல போட்டோ எடுத்துக்கிறேன்."

எடுத்தார். பக்கவாட்டிலும் ஒன்று எடுத்தார். பிறகுதான் பேசினார். "உங்க கதவு புதுசா மினுக்குனா எங்க கதவு பிச்சக்காரன் மாதிரி தெரியுதுல்ல? நாளைக்கு எங்க மாப்பிள்ளை வந்தா என்ன நெனைப்பாரு?"

"உனக்கும் அடிச்சுத் தாறேன். அவ்வளவுதானே?"

"பச்சை எனக்கு ஆகாதுண்ணே. சந்தனக் கலர் அடிங்க."

சிதம்பரம் காரைக்குடிக்குப் பஸ் ஏறினார். சந்தன நிறத்தில் ஒரு டப்பா வாங்கிவந்து நடுக்கதவுக்கு அடித்தார். அடித்து நிமிர்வதற்குள் போட்டோ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. சேவுகன் வீடியோ காலில் வந்தார்.

"ரெண்டு கதவும் புதுசாயிருச்சு. என் கதவு மட்டும் சொறி புடிச்சு நிக்குது. ஊர்ல இல்லாதவன் பங்குன்னா அப்படித்தானா?"

"உனக்கும் அடிச்சிர்றேன் சேவுகா. பச்சையா, சந்தனமா?"

"அவுகளுக்கு அவுக இஷ்டம்னா எனக்கு என் இஷ்டம். நீலம் அடிங்க."

மறுபடியும் பஸ். மறுநாள் காலை, பால் ஊற்ற வந்த குழந்தைவேலு கை கழுவ பாத்ரூம் வாசலுக்கு வந்து, பச்சை, சந்தனம், நீலம் என்று நின்ற அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தக் கட்சிங்கய்யா?" என்று கேட்டார்.

சிதம்பரம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். நோன்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவரைக் கல்யாணம் செய்த நாற்பது வருஷத்தில் சீதாலட்சுமி இப்படி ஒரு முகத்தை ஓரிரு முறைதான் பார்த்திருந்தாள். மாவுக் கோபம் போய்விட்டது.

"மூணு டப்பாவுலயும் மிச்சம் இருக்குல்ல? எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்குங்க," என்றாள். "ஆளுக்கு ஒரு டம்ளர். மூணு கதவுக்கும் அதையே அடிங்க. எவன் பேசுறான்னு பாப்போம்."

பங்கு சமம் என்றதும் பங்காளிகளுக்கு மறுப்பு இல்லை. அளப்பதைப் பார்க்கச் சத்தியமூர்த்தி நேரில் வந்து நின்றார். சேவுகன் போனில் வந்தார்.

"நீலம் விளிம்பு வரைக்கும் வரலையேண்ணே. மேல நொரை நிக்குது."

"நொரையெல்லாம் இல்லப்பா."

"போனக் கிட்டக் கொண்டாங்க."

கொண்டுபோய்க் காட்டினார். நீலத்தில் இன்னும் நாலு சொட்டு விட்ட பிறகுதான் சேவுகன் ஒத்துக்கொண்டார். மூன்றையும் வாளியில் ஊற்றிக் கலக்கியதும் சத்தியமூர்த்தி குனிந்து வாளிக்குள் பார்த்தார். சாம்பல் படிந்த ஓர் இளம்பச்சை. வீடியோவில் அந்தப் பெண் அடித்த அதே நிறம். கடைக்காரர் மூன்று கலர் அட்டையைப் புரட்டியும் எடுத்துத் தர முடியாத நிறம்.

கழட்டி வச்சு அடிங்க என்று சீதாலட்சுமி சொன்னபடி இந்தமுறை சிதம்பரம் கதவுகளைக் கழற்றினார். பழையதைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, பிரைமர் பூசி, இரண்டு கோட் அடித்து, வெயில் விழும் முற்றத்தில் சாய்த்து வைத்தார். நடுவில் விரலால் தொடவில்லை. அது அவருக்கு இருக்கிற விரதத்திலேயே பெரிய விரதமாக இருந்தது. நோன்புக்கு முதல் நாள் சாயங்காலம் கதவுகளை மாட்டினார். கதவு மழமழவென்று இருந்தது. சத்தியமூர்த்தி வந்து பார்த்துவிட்டு, "நம்ம சந்தனம் சேந்ததாலதான் இந்த எடுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோன்பன்று பகல் மூன்று மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. ஓட்டல் கார். ஓட்டிவந்த மாயக்கண்ணனைச் சிதம்பரத்துக்குத் தெரியும். போன இரண்டு முறையும் அவர்தான் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்தவர். வெள்ளைச் சட்டைக் கையில் ஏதோ மஞ்சளாகத் தீற்றியிருந்தது.

"பெட்டிய எறக்குங்க மாயக்கண்ணா."

மாயக்கண்ணன் கார்த்தியைப் பார்த்தார்.

"இருக்கட்டும் அப்பச்சி. மொதல்ல உள்ள போவோம்," என்றான் கார்த்தி.

சிதம்பரம் அவர்களை உட்காரக்கூட விடவில்லை. தண்ணீர் குடித்த செம்பைக் கையிலேயே வைத்திருந்த மகனையும், மருமகளையும், ஆறு வயதுப் பேத்தி ஸ்வேதாவையும் நேராகக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஒதுங்கி நின்றார்.

சௌபர்ணிகா அலமாரியைத் தடவிப் பார்த்தாள். "நிஜமாவே ரொம்ப நல்லாருக்கு மாமா. நீங்களேவா பண்ணீங்க?"

"நானேதான்மா."

அவள் கார்த்தியைப் பார்த்தாள். கார்த்தி தரையைப் பார்த்தான். சிதம்பரம் தன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு சௌபர்ணிகா மூக்கைச் சுருக்கினாள். "பெயிண்ட் வாசம் இருக்கே மாமா. ஸ்வேதாவுக்கு வீசிங் இருக்கு. ராத்திரி பூரா இதுல இருந்தா ஒத்துக்காது. தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த தடவை கண்டிப்பா இங்கதான்."

"ஆமா அப்பச்சி," என்றான் கார்த்தி. "அடுத்த தடவை."

சாவி மறுபடியும் இடுப்புக்குப் போனது. சிதம்பரத்துக்குத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சும்மா கிடந்த அலமாரியைச் சும்மா விட்டிருந்தால்கூட இன்று கெஞ்சிக் கூத்தாடி ஓர் இரவு தங்கவைத்திருக்கலாம். வீட்டுக்குள் வந்த பிள்ளையைத் தன் கையாலேயே பெயிண்ட் அடித்து வெளியே அனுப்பிவிட்டோமே என்று வெந்துபோனார்.

ஸ்வேதா அந்தச் சாயங்காலம் முழுக்கப் பாத்ரூமுக்குள் ஓடி ஒளிந்து விளையாடினாள். ஒரு தும்மல்கூடப் போடவில்லை. சிதம்பரம் இதைக் கவனிக்கவில்லை. சீதாலட்சுமி கவனித்தாள். கவனித்துவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பணியாரச் சட்டியோடு இருந்துகொண்டாள்.

விளக்கு வைத்ததும் நோன்பு. வீட்டுக்கு மூத்தவர் சிதம்பரம்தான். மாவைப் பிடித்துத் திரி வைத்து ஏற்றி ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

"கையில தின்னர் இருக்கப்போவுது. நல்லாக் கழுவுனீகளா?" என்றாள் சீதாலட்சுமி.

"மூணு தடவ கழுவிட்டேன்."

கார்த்தி முன்னால் வந்து குனிந்தான். சிதம்பரம் இடது கையால் சுடருக்குக் காற்றை மறைத்து, வலது கையால் மாவை நீட்டினார். மகன் நெருப்பை வாயில் வாங்கி மூடிக்கொண்டான். சிதம்பரம் மருமகளுக்கு அடுத்த திரியை ஏற்றினார்.

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். உள்ளே சீதாலட்சுமி பணியாரத்தை டப்பாவில் அடைத்து மருமகளிடம் கொடுத்துக்கொண்டிருக்க, கார்த்தி ஸ்வேதாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். சிதம்பரம் வாசலுக்கு வந்து காரை ஒட்டி நின்றார். இறக்காத நான்கு பெட்டிகளும் பின்னால் அப்படியே இருந்தன.

"என் முட்டாத்தனம் மாயக்கண்ணா," என்றார். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "ஒரு மாசம் முன்னாடியே அடிச்சிருக்கணும். பெயிண்ட் வாசத்துல எப்படித் தங்குவாக பாவம்?"

மாயக்கண்ணனுக்குப் பெரியவரைப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று கிட்டே வந்தார்.

"மனச விடாதீக ஐயா, உங்க மகன் தங்கமான மனுசரு. எங்க ஓட்டல்ல அவுக ரூமுக்கு நேத்துத்தான் பெயிண்ட் அடிச்சோம், இந்தா என் சட்டையிலகூட ஒட்டியிருக்கு பாருங்க; வாசம் தூக்குது, வேற எடம் பாத்துக்கிறீகளான்னு மேனேஜர் போன் போட்டுக் கேட்டதுக்கு, அதெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, நாங்க அங்கயே வந்துர்றோம்னுட்டாக."